கீழவைப்பாரில் வெட்டிய வளையம்

1979 மார்ச் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. காற்று வடகிழக்கிலிருந்து லேசாக, உப்பு வாடையோடு. என் மூன்று சாமான்களையும் இரண்டு முறை எண்ணிவிட்டுத் தூத்துக்குடி ரயில் நிலையத்தில் இறங்கினேன். குடை, தோல்பை, அளவுக் கருவிகள் வைத்த தகரப் பெட்டி.

எனக்கு வயது எழுபத்தொன்று. கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் பூகோளமும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுத்தவன். தகப்பனார் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்துக்காரர்; நான் பிறந்தது, படித்தது, ஓய்வு பெற்றது எல்லாம் கொழும்பில். அந்தப் பள்ளியின் மாடியில் ஒரு மூலை அறை இருக்கிறது. நீளம் இருபத்திரண்டு அடி, அகலம் பதினாறு. அதை வானியல் அறையாக வைத்துக் கொள்ளலாம் என்று பழைய தலைமையாசிரியர் எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். புதியவர் அதைத் தட்டெழுத்து வகுப்புக்குக் கேட்கிறார். மார்ச் இருபத்தொன்றாம் தேதி கல்விப் பரிசோதகர் வருகிறார். அன்றைக்கு அந்த அறையில் பிள்ளைகள் பார்க்கத்தக்கது ஏதாவது இருந்தால் அறை வானத்துக்கு. இல்லாவிட்டால் பன்னிரண்டு தட்டெழுத்து இயந்திரங்களுக்கு.

அதற்காக நான் செய்யச் சொல்லியிருந்தது சூரிய குடும்பத்தின் மரமாதிரி. கொழும்புத் துறைமுகத்துக்கு வெங்காயம் கொண்டுவரும் தோணி ஒன்றின் தலைவர், தண்டல் மிக்கேல், எனக்குப் பழக்கம். அவர் மூலம் கீழவைப்பாரில் இருக்கும் சவரிமுத்து என்ற ஓடாவிக்கு அளவுகளோடு பதினான்கு தாள் வரைபடம் அனுப்பினேன். ஓடாவி என்றால் தோணியும் வள்ளமும் கட்டுகிற தச்சர். கிரகம் ஒன்பது, நிலா முப்பத்து நான்கு, ஆக நாற்பத்து மூன்று உருண்டை. சூரியனுக்குப் பதில் நடுவில் ஒரு விளக்கு; அதே அளவுத் திட்டத்தில் சூரியனைச் செய்தால் பதினான்கரை அடி விட்டம் வரும், அறைக்குள் நுழையாது. புதன்கிழமை பதினான்காம் தேதி மிக்கேலின் தோணி புறப்படுகிறது. மாதிரி அதில் ஏறியாக வேண்டும்.

இன்னொரு கவலையும் கூடவே வந்தது. வாயேஜர் என்ற அமெரிக்க விண்கலம் ஐந்நூற்று நாற்பத்தாறு நாள் ஓடி, போன திங்கட்கிழமைதான் வியாழனை நெருங்கிக் கடந்திருந்தது. ஒவ்வொரு நாளையும் நாட்காட்டியில் கோடு போட்டு எண்ணி வந்தவன் நான். கடைசியில் அது போய்ச் சேர்ந்தபோது நான் வழியில் இருந்தேன். ரேடியோ இல்லை, பத்திரிகை இல்லை.

விடுதியில் தோல்பையை வைத்துவிட்டுத் தகரப் பெட்டியோடு பஸ் நிலையம் போனேன். பத்திரிகைக் கடையைப் பார்த்ததும் கை சட்டைப் பைக்குள் போனது. அதற்குள் கீழவைப்பார் வழியாகப் போகும் வேம்பார் பஸ் ஏழு பத்துக்கு என்றார்கள். மாலையில் வாங்கிக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாற்பது பைசா மிச்சம் என்ற திருப்தி வேறு.

பஸ்ஸில் நாற்பத்தெட்டு பேர் உட்காரலாம். எண்பத்து மூன்று பேர் இருந்தோம், கோழி ஐந்து நீங்கலாக. கொழும்பில் பஸ்களில் கூட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே தெரியாதவர்கள் மடியில் கூடையை வைக்க மாட்டார்கள். என் மடியில் இரண்டு கூடை. கூடைக்காரம்மாள் எந்த ஊர் என்று கேட்டார். கொழும்பு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. கொழும்பு ரேடியோவில் பாட்டுப் போடுகிறவர்களை எனக்குத் தெரியுமா, நேற்று ஒரே பாட்டை இரண்டு தரம் போட்டார்களே, ஏன் என்று விசாரித்தார். எனக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. அவர் பின்னால் இருந்தவளிடம் திரும்பி, "ஒருத்தரையும் தெரியாதாம், ஏளா. சும்மா கொழும்புங்காரு" என்றார். கூடைகள் மட்டும் இறங்கும் வரை என் மடியில்தான் இருந்தன.

கீழவைப்பாரில் கடலுக்கு முப்பது அடி தள்ளி ஓலைக் கொட்டகை. உள்ளே ஒரு வள்ளம் பாதி கட்டின நிலையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு பாயை விரித்து, அதன்மேல் என் கிரகங்களை வரிசையாக வைத்திருந்தார் சவரிமுத்து ஓடாவி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான ஆள், காதில் பென்சில், பேச்சுக் குறைவு. நாற்பத்து மூன்றையும் எண்ணினேன். சரியாக இருந்தது. கருவிகளை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன்.

பூமி ஒன்றரை அங்குலத்துக்குச் சற்று அதிகம். நான் கேட்ட அளவு. நிலாக்கள் எல்லாம் சங்கு அறுத்த துண்டில் கடைந்த மணிகள். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருடமாகிவிட்ட அந்தக் கரையில் இப்போது மூழ்குகிறவர்கள் சங்குக்காகத்தான் மூழ்குகிறார்கள், மணிக்குப் பஞ்சமில்லை. சனிக்கு நான் சொன்னபடி அகலமான வளையம். யுரேனசுக்கு வலை பின்னும் நைலான் இழையில் ஒன்பது வளையம். இந்த ஒன்பதைக் கண்டுபிடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு நட்சத்திரம் அந்தக் கிரகத்துக்குப் பின்னால் மறைவதற்கு முன்னும் பின்னும் கண்சிமிட்டியதை வைத்துக் கண்டார்கள். அதை நம்பி வரைபடத்தில் சேர்க்க எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது.

வியாழனிடம் வந்தேன். பதினெட்டு அங்குல உருண்டை. வரிசையில் பெரியது அதுதான். அதன் இடுப்பைச் சுற்றி ஒரு செம்புப் பட்டை பளபளத்தது.

வியாழனுக்கு வளையம். வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். என் கோட்டில் தவறில்லை. பரிசோதகர் உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படப்போவது இதுதான். வளையம் உள்ள கிரகம் இரண்டே இரண்டு என்று நானே எழுதின அட்டை சுவரில் தொங்கும், அதற்குக் கீழே மூன்றாவது வளையம் மின்னும். இது என்ன என்று கேட்டேன்.

"பட்டை" என்றார் ஓடாவி.

அவருக்கு அது விளக்கம் தேவைப்படாத விஷயம். கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பதினெட்டு அங்குலத்துக்கு ஒரே மரம் கிடைக்காது, கிடைத்தாலும் வெடிக்கும். ஆகவே வள்ளம் கட்டுவது போலவே உள்ளே விலா வைத்து, மேலே மெல்லிய பலகைகளை வளைத்து, இடுக்கில் பஞ்சு அடைத்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றியிருக்கிறார். அப்படிக் கட்டின எதற்கும் இடுப்பில் ஒரு பட்டை போடுவது அவர்கள் வழக்கம். அதற்குக் கேள்வி இல்லை.

வானத்தில் அதற்கு வளையம் கிடையாது என்றேன்.

"வானத்துல உள்ளது விரியாது, வாத்தியாரையா. இது உப்புக் காத்துல வாயத் தொறக்கும்லா."

நான் முப்பத்தொரு வருடத்தை எடுத்து விரித்தேன். எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை கரும்பலகை. தவறான ஒன்றைப் பார்த்துப் படித்த பிள்ளை சாகும் வரை அதை மறக்காது என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். வள்ளத்தின் அந்தப் பக்கம் வலை கோத்துக்கொண்டிருந்த மூன்று பேர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஓடாவியின் மனைவி ரோசம்மாள் கையில் அகப்பையோடு குசினியிலிருந்து வெளியே வந்தார்.

"மூணு நா ஒக்காந்து அடிச்சு ஒட்டுன பட்டை அது" என்றார் என்னைப் பார்க்காமல். பிறகு புருஷனிடம், "வானத்துக்குப் போயிட்டு வந்தவுக சொல்லுதாக. வெட்டுங்க" என்றார்.

வலைக்காரர்கள் சிரித்தார்கள். ஓடாவி சிரிக்கவில்லை. "நீங்க சொன்னா வெட்டுதேன். பெறவு என்னையச் சொல்லப்படாது" என்று உளியை எடுத்தார். செம்பு ஆணி இருபத்திரண்டு. ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒட்டியிருந்த இடத்தில் உளி வைத்து வெட்டினார். பட்டை துள்ளி மணலில் விழுந்தது. அளந்தேன், ஐம்பத்தாறரை அங்குலம்.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்து வெள்ளிக்கிழமை. அவர்களுக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். இருந்தும் எனக்கு மட்டும் நெத்திலிக் குழம்பும் சோறும் போட்டார் ரோசம்மாள். குழம்பில் புளி அதிகம், கொழும்பில் தேங்காய்ப்பால் விடுவோம். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பெரிய ஆபத்து ஒன்றைத் தடுத்துவிட்ட நிம்மதியோடு நான்கு மணி பஸ்ஸில் திரும்பினேன். பத்திரிகை எல்லாம் விற்றுப் போயிருந்தது.

சனிக்கிழமை காலை விடுதியில் புட்டும் பயறும் வைத்தார்கள். மேசையில் முந்தின நாள் பத்திரிகை மடிந்து கிடந்தது. ஐந்தாம் பக்கத்தில் இரண்டாம் பத்தியின் அடியில் ஒன்பது வரி.

நான்கு முறை படித்தேன். வியாழனைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம் இருப்பதை வாயேஜர் படம் பிடித்திருக்கிறது. மேகங்களுக்கு மேலே சுமார் ஐம்பத்தேழாயிரம் கிலோமீட்டர் தள்ளி, முப்பது கிலோமீட்டருக்கும் குறைந்த தடிப்பில். இருக்கும் என்று அங்கே அநேகமாக ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. போகிற வழியில் ஒருமுறை பார்த்துவிடுவோமே என்று, கேமராவைப் பதினொரு நிமிடம் திறந்து வைத்து எடுத்த ஒரே படம்.

ஒரே படம். பதினொரு நிமிடம். நான் அதைவிட அதிக நேரம் கத்தியிருக்கிறேன்.

என் கை மேசையிலிருந்த தம்ளரைத் தட்டிவிட்டது. விடுதி மேலாளர் ஓடிவந்து, வீட்டில் யாருக்காவது ஏதாவதா என்று கேட்டார். பத்திரிகையைக் காட்டினேன். படித்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதனால நமக்கென்ன, அண்ணாச்சி? புட்டு ஆறுது" என்றார்.

மறுபடி கீழவைப்பாருக்குக் கிளம்பினால், அன்றைக்கு என்று பஸ் குளத்தூருக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. டயர் அல்ல, அச்சு. நடத்துநர் பயணச்சீட்டுகளை எங்களிடமே விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம் என்றார். அடுத்த பஸ் எப்போது என்பதை மட்டும் சொல்லவில்லை. வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு உப்பளங்களின் வரப்போரமாக இரண்டு மைல் நடந்தேன். ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல் நூற்றுப் பதினேழு. அதற்குள் ஒரு மாட்டுவண்டி ஏற்றிக்கொண்டது. வண்டிக்காரர் எதற்கு இந்த அவசரம் என்றார். வெட்டியதை ஒட்ட வேண்டும் என்றேன். குடும்பச் சண்டை என்று நினைத்துக்கொண்டு, இறங்கும் வரை எனக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கொட்டகைக்குள் நுழையும்போது மணி இரண்டு. ஓடாவி பாயில் உட்கார்ந்திருந்தார். எதிரே வியாழன். அதன் இடுப்பிலிருந்து மேலே நான்கு, கீழே மூன்று, ஏழு பலகை இடுக்கு வாய் பிளந்திருந்தது. ஒன்றில் என் சுண்டுவிரல் நுழைந்தது. இரவு முழுவதும் காய்ந்த தரைக்காற்று அடித்ததாம்.

ரோசம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஓடாவி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நான் பத்திரிகையை எடுத்து ஒன்பது வரியையும் உரக்க வாசித்தேன்.

அவர் பத்திரிகையை வாங்கி அந்த ஒன்பது வரியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் போட்டதுதான் சரியா?" என்றார்.

சரிதான் என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள், மறுபடி போட்டுவிடுங்கள் என்றும் சொன்னேன். வலைக்காரர்கள் மூன்று பேரும் இன்றைக்கும் இருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று சற்று உரக்கவே சொன்னேன்.

மகிழ்ந்து போவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். "இல்ல. நான் மரத்துக்குப் போட்டேன், வானத்துக்குப் போடல" என்றவர், சற்று யோசித்து, "உங்க வளையம் உருண்டைய ஒட்டி நிக்கா, தள்ளி நிக்கா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. மணலிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஐம்பத்தேழாயிரம் கிலோமீட்டர் என்றால் நம் உருண்டையில் ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். வளையத்தின் விட்டம் முப்பத்திரண்டு அங்குலத்துக்கு மேல். சுற்றளவு நூற்றிரண்டு. வெட்டின பட்டை ஐம்பத்தாறரைதான். பாதிக்குச் சற்று அதிகம். அதாவது அவர் போட்டிருந்ததும் தப்பு, நான் வெட்டியதும் தப்பு.

"அப்ப ரெண்டும் வேற வேற. மரத்துக்கு ஒண்ணு வேணும், வானத்துக்கு ஒண்ணு வேணும்" என்றார்.

மறுபடி எனக்குப் பதறியது. இரண்டு வளையம் இருந்தால் பிள்ளைகள் வியாழனுக்கு இரண்டு என்று படிப்பார்கள். மரத்துக்குப் போடுவதை விட்டுவிட்டு வானத்துக்கு மட்டும் போடலாம் என்றேன். இடுக்கை மறுபடி அடைத்தால் போதாதா? அவர் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். பட்டை இல்லாமல் தன் கொட்டகையிலிருந்து அது வெளியே போகாது. கடல் காற்றில் மூன்று நாள் கிடந்து கொழும்பில் போய்ப் பிளந்து நின்றால், சவரிமுத்து கட்டினது வாய் திறந்துவிட்டது என்பார்கள். தன் தகப்பனார் கட்டின தோணி இன்றைக்கும் ஓடுகிறது. மேலே பேசியும் பயனில்லை, மறுநாள் ஞாயிறு, கருவியைத் தொட மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய துறைமுகத்துக்குப் போய்த் தண்டல் மிக்கேலைப் பிடித்தேன். தோணிகள் பதினான்கு நின்றன. மிக்கேலின் தோணிக்குள் வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நான் நின்ற நேரத்துக்குள் அறுபத்தொன்று. இரண்டு நாள், வேண்டாம் ஒரு நாள், தள்ளிப் புறப்பட முடியுமா என்று கேட்டேன்.

"வெங்காயம் பொறுக்காது, வாத்தியாரே. உம்ம கிரகம் எத்தன கோடி வருசமா அங்கன கெடக்கு? அது பொறுக்கும்."

அடுத்த நடை எப்போது என்றேன். பாஸ்கா முடிந்துதான் என்றார். பாஸ்கா, அதாவது ஈஸ்டர், ஏப்ரல் பதினைந்து. பரிசோதகர் மார்ச் இருபத்தொன்று. மிக்கேல் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், தோணியின் அடிப்பாகத்துக்குத் தகடு அடித்ததில் மிஞ்சிய செம்புத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்து அடி நீளம். காசு வேண்டாம் என்றார். இரண்டு பெட்டி மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். தூத்துக்குடியில் அது நன்றாக இருக்கிறது. முட்டைவெள்ளையும் முந்திரியும்தான், ஆனால் வாயில் போட்டால் மெல்லுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. கவலையில் நானே ஏழு தின்றுவிட்டேன்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்குக் கொட்டகை. ஓடாவி எனக்கு முன்பே இடுக்குகளைத் திறந்து பழைய பஞ்சைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். செம்புத் தகட்டைக் கொடுத்தேன். வாங்கி வைத்தார். பட்டை பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. பத்து மணிக்குக் குங்கிலியம் ஊற்றியாயிற்று. பதினொன்றுக்குப் பழைய பட்டையை எடுத்தார். வெட்டின இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு செம்புத் துண்டை வைத்துத் தட்டி, உருண்டையின் இடுப்பில் பொருத்திப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். என் வயதுக்குச் செய்யக் கூடாத காரியம்.

இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அப்போதுதான் ரோசம்மாள் என் வரைபடங்களில் ஏழாவது தாளை எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"இந்தப் படத்துல குறுக்க கோடு கோடா பழுப்பு அடிச்சிருக்கே. அது என்னது, ஐயா?"

மேகப்பட்டைகள் என்றேன். வியாழனைச் சுற்றிப் பழுப்பும் வெள்ளையுமாக ஓடும் மேகம்.

"இடுப்புலயும் ஓடுதுல்லா?"

இடுப்பை ஒட்டி ஓடுகிறது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அவர் தாளைக் கணவரின் மடியில் போட்டுவிட்டு, "பட்டைக்கு மேல இந்தப் பழுப்ப அடிச்சா யாரு கண்டா?" என்று சொல்லியபடியே உள்ளே போனார்.

அந்தப் பழுப்புக் கோட்டை வரைந்தவன் நான். அளவு குறித்தவன் நான். வெள்ளிக்கிழமை ஒரு சாயத் தூரிகையை எடுத்து அந்தப் பட்டையின் மேல் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் போதும். வெட்டவே வேண்டியதில்லை. ஐந்நூற்று நாற்பத்தாறு நாள் ஒரு விண்கலம் போய்ப் பார்த்துச் சொன்னதைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது. எதிரில் இருந்த ஓடாவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் ஆணியை வாயில் கவ்விக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வானத்தின் வளையம். மிக்கேலின் தகட்டை ஒரு அங்குல அகலத்துக்குக் கீறி, துண்டுகளை ஒட்டி, அடித்து அடித்து மெல்லிதாக்கினார். எவ்வளவு மெல்லிதாக வேண்டும் என்று கேட்டார். கணக்குப்படி நோட்டுத் தாளின் தடிப்புக்கு மேல் போகக் கூடாது என்றேன். "அப்ப அது உங்க அறையில நிக்காது, சுருண்டு போகும்" என்று நிறுத்திவிட்டார். நான்கு பிரம்புக் குச்சிகளை உருண்டையில் செருகி, அவற்றின் நுனியில் வளையத்தை நிறுத்தினார். ஏழு அங்குலம் தள்ளி, காற்றில் தொங்குவதுபோல் அது நின்றது. வலைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். இன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

முப்பத்து நான்கு நிலாவுக்கும் என் கையெழுத்தில் சிறு சீட்டு எழுதிக் கட்டினேன். ஓடாவி செய்த மரப்பெட்டிக்குள் வைக்கோல் அடைத்து, வளையத்தை மட்டும் தனியே துணியில் சுற்றி வைத்தோம். மூன்றரை மணிக்கு உப்பு லாரியின் மேல் பெட்டி ஏறியது. ஓடாவி பெட்டியோடு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்தார். நான் டிரைவர் பக்கத்தில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் திரும்பிப் பார்த்தேன், நாற்பத்தொன்பது பள்ளம்.

புதன்கிழமை, பதினான்காம் தேதி, காலை எட்டு மணி. சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். எழுத்தர் ஒருவர் உருண்டைகளை எண்ணி, வீட்டுச் சாமானா, விளையாட்டுச் சாமானா, கோயில் சுரூபமா என்று கேட்டார். எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. கடைசியில் மரச் சாமான், நாற்பத்து மூன்று என்று எழுதி முத்திரை குத்தினார். மூடியை மறுபடி வைத்து ஓடாவி ஆணி அடிக்க ஆரம்பித்தார். மிக்கேல் பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காற்றைப் பார்த்தபடி நின்றார். எனக்கு வேலை இல்லாததால், அன்றைய பத்திரிகையைப் பிரித்தேன். இந்த முறை நாற்பது பைசாவைப் பார்க்கவில்லை.

வியாழனின் நிலாக்களில் ஒன்றான அயோவில் எரிமலை வெடித்துக்கொண்டிருக்கிறது. பழைய எரிமலை அல்ல, இப்போது எரிகிறது. நூற்று எழுபது மைல் உயரத்துக்குப் புகையைக் கக்குகிறது. பூமிக்கு வெளியே வேறெங்கும் மனிதன் இதுவரை கண்டதில்லை. விண்கலம் சரியான வழியில் போகிறதா என்று நட்சத்திரங்களை வைத்துச் சரிபார்க்க எடுத்த ஒரு படத்தில், நிலாவின் விளிம்பில் ஏதோ புடைத்திருப்பதை அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் பொறியாளர் கவனித்திருக்கிறார்.

ஒரு வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். அயோவின் சீட்டில் நான் எழுதியிருந்தது எனக்கு எழுத்து எழுத்தாக ஞாபகம் இருந்தது. "அவிந்து குளிர்ந்த பாறை. அசைவற்றது. நம் நிலாவைப் போன்றது." பெட்டிக்குள், வைக்கோலுக்கு அடியில், அரை அங்குலம்கூட இல்லாத ஒரு வெள்ளை மணியின் கழுத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு நாளில் இரண்டு தடவை வானம் மாறிவிட்டது.

ஓடாவி என்னைப் பார்த்துவிட்டுச் சுத்தியலை நிறுத்தினார். ஆணி இருபத்தாறு ஏறியிருந்தது, ஆறு பாக்கி. விஷயத்தைச் சொன்னேன்.

"தொறக்கணுமா?" என்றார்.

"தொறந்தா நான் போயிருவேன்" என்றார் மிக்கேல். பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, "வழி பாக்கப் போன எடத்துல கண்டாளா அந்தப் பொம்பள? அப்படித்தான் காணும்" என்றார்.

ஒரு தவறைத் தெரிந்துகொண்டே பிள்ளைகள் முன்னால் நான் வைத்ததில்லை. ஒரு எழுத்துப் பிழைக்காக நாற்பத்திரண்டு கட்டுரை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தவன். ஆணியைப் பிடுங்கி, வைக்கோலை விலக்கி, முப்பத்து நான்கில் அந்த ஒன்றைத் தேடி எடுக்க அரைமணி ஆகும். காற்று அதற்கு நிற்காது. பாஸ்கா வரை பெட்டி இந்த மேடையில் கிடக்கும்.

"அடியுங்க" என்றேன்.

ஆறு ஆணியும் ஏறின. ஓடாவி காதிலிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் கேட்கவில்லை. மூடிப் பலகையின் மேல் குனிந்து எழுதினேன்: "அயோவின் சீட்டு தவறு. அங்கே எரிமலை எரிகிறது. மார்ச் 1979-இல் கண்டது. எழுதியவனுக்கு அப்போது தெரியாது." கடைசி வரி கோணலாக இறங்கியது. நான்கு பேர் பெட்டியைத் தூக்கினார்கள். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குத் தோணி கரையை விட்டது.

பாய் விரியும் வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். "நல்ல வேளை, அந்தச் சேதிய நேத்து நீங்க பாக்கல" என்றார் ஓடாவி. "பாத்திருந்தா புகைக்கும் ஒரு பட்டை கேட்டிருப்பிய." ஆறு நாளில் அவர் என்னிடம் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அது.

பெட்டி பதினேழாம் தேதி கொழும்பு சேர்ந்தது. வியாழனின் ஒரு இடுக்குக்கூடத் திறக்கவில்லை. பரிசோதகர் நாற்பது நிமிடம் இருந்தார். அதில் கால்வாசி நேரம் பெட்டியின் மூடிப் பலகை முன்னால். அதை நான் எறியாமல் சுவரில் அடித்து வைத்திருந்தேன். முற்பகலில் அறை வானத்துக்கு, பிற்பகலில் தட்டெழுத்துக்கு என்று எழுதிவிட்டுப் போனார். இயந்திரங்கள் பன்னிரண்டும் இப்போது சனியின் பக்கம் இருக்கின்றன.

தோணி போனதும் தூத்துக்குடித் துறைமுகத்திலேயே ஓடாவிக்குக் கணக்கு முடித்திருந்தேன். பேசின கூலி முந்நூற்று இருபத்தைந்து. இரண்டாம் வளையத்துக்கும் பெட்டிக்கும் லாரிக்கும் தொண்ணூற்றைந்து. வெள்ளிக்கிழமை வெட்டினதற்குக் கூலி எவ்வளவு என்று நான் கேட்டபோது, நல்ல வேலையைக் கெடுத்ததற்குக் காசு வாங்கினால் பாவம் என்று கையை இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை. அதற்கு மூன்று ரூபாயை அவர் சட்டைப் பையில் திணித்தேன். மொத்தம் நானூற்று இருபத்து மூன்று ரூபாய்.